‘பார்ன்’ என்பதற்குக் களஞ்சியம் பொருந்துமா? களக்கூடம், வயற்கொட்டில் என இரு சொற்கள்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் பழைய பண்ணைகளில் கல்லால் கட்டப்பட்டு நிற்கும் ‘பார்ன்’ என்னும் கட்டடத்தைக் ‘கற்களஞ்சியம்’ எனலாம் என்று முந்தைய மடலில் ஐயா அவர்கள் முன்மொழிந்திருந்தார்கள். ஓசைக்கு நன்றாகவே இருக்கிறது. எனினும் கட்டட வரலாற்றைத் தமிழில் எழுதத் தொடங்கினால் இரண்டாம் பத்தியிலேயே அந்தச் சொல் நம்மைக் கைவிட்டுவிடும் என்பது என் கருத்து. காரணம் எளியது. அதே முற்றத்தில் ‘கிரேனரி’ என்று தனியாக இன்னொரு கட்டடமும் நிற்கிறது. அடித்துத் தூற்றித் தூய்மையாக்கிய தானியம் அங்கேதான் இருக்கும். எலி ஏறாதபடி காளான் வடிவக் கற்கால்களின்மேல் அதைத் தூக்கிக் கட்டியிருப்பார்கள். நம் களஞ்சியத்துக்கும் பத்தாயத்துக்கும் உறவான கட்டடம் அதுதான். களஞ்சியம் என்ற பெயரைப் பார்னுக்குக் கொடுத்துவிட்டால், உண்மையான களஞ்சியத்துக்கு என்ன பெயர் வைப்பது?

இந்தக் குழப்பத்துக்குத் தமிழ் விவிலியமும் ஒரு காரணமாக இருக்கலாம். தன் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் உவமையில் ஆங்கிலம் ‘பார்ன்’ என்று எழுதும் இடத்தில் தமிழ் ‘களஞ்சியம்’ என்கிறது. கிரேக்க மூலத்தில் உள்ள சொல் சேமிப்பிடத்தையே குறிப்பதால் அங்கே தமிழ்ச்சொல் மிகப் பொருத்தமானது. வழுவியது ஆங்கிலம்தான் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் அந்தச் சமன்பாட்டை அப்படியே எடுத்து ஆங்கிலேயர் பண்ணைக் கட்டடத்தின்மேல் ஒட்டினால் பொருந்தாது.

பார்னுக்குள் போவது தானியம் அன்று, கதிர்க்கட்டு. கோடையின் கடைசியில் அறுத்த கோதுமையையும் வாற்கோதுமையையும் தாளோடு கட்டி உள்ளே அடுக்குவார்கள். பிறகு குளிர்காலம் முழுவதும், தோல்வாரால் பிணைத்த இரட்டைக் கோலைச் சுழற்றி, கொஞ்சம் கொஞ்சமாக அடிப்பார்கள். நீள்சுவர்களின் நடுவில் எதிரெதிரே இரண்டு பெரிய வாயில்கள் இருக்கும். அவற்றுக்கு இடைப்பட்ட தரையே களம். இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டால் ஊடே வீசும் காற்றில் பதர் பறக்கும், மணி நிற்கும். தை அறுவடையின்போது வானம் வெளித்திருக்கும் தஞ்சை உழவர் களத்தைத் திறந்தவெளியில் வைத்துக்கொண்டார்; மழையை நம்ப முடியாத நாட்டு உழவர் களத்துக்குக் கூரை போட்டார். அந்தக் கூரைதான் பார்ன். ஆகவே இவ்வகைக் கட்டடத்துக்குக் ‘களக்கூடம்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். (‘களவீடு’ என்றுதான் முதலில் எழுதினேன், களவுக்கு வீடு கட்டியதுபோல் தோன்றவே அடித்துவிட்டேன்.) களம் என்றால் இன்று கள ஆய்வுதானே நினைவுக்கு வருகிறது என்று சிலர் கேட்கலாம். நெற்களம் என்ற வழக்கு ஊர்ப்புறத்தில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை நாமே கைவிட வேண்டியதில்லை.

‘கூடம்’ என்று நான் சொல்வதற்குக் கட்டடமே சான்று. ஆக்ஸ்போர்டுஷயரில் உள்ள கிரேட் காக்ஸ்வெல் பார்ன் 1292-ஆம் ஆண்டை ஒட்டிக் கட்டப்பட்டது. ஏறத்தாழ 46 மீட்டர் நீளம், 13 மீட்டர் அகலம், 15 மீட்டர் உயரம். காட்ஸ்வோல்டு கல்லால் எழுப்பிய சுவர், மேலே கல் ஓடு. உள்ளே இரு வரிசையாக ஓக் மரத் தூண்கள், ஒவ்வொன்றும் ஆள் உயரத்துக்கு மேற்பட்ட கல் பீடத்தின்மேல் நிற்கின்றன. நடுவில் அகன்ற பாதையும் இருபுறமும் ஒடுங்கிய பாதைகளுமாக அந்த உள்வெளி பிரிவதைக் கண்டவர்கள் அதைத் தேவாலயத்தோடு ஒப்பிடாமல் இருந்ததில்லை. அருகில் வாழ்ந்த கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் விருந்தினரை அழைத்துப் போய்க் காட்டி மகிழ்ந்த கட்டடம் அது. இதைக் ‘கொட்டகை’ என்று அகராதி சொல்லும்போது எனக்குக் கை கூசுகிறது.

இதே கட்டடத்தைத் ‘தசமபாகக் களஞ்சியம்’ என்று இன்னொரு அன்பர் மொழிபெயர்த்திருந்தார். ஆங்கிலத்தில் ‘டைத் பார்ன்’ என்று பரவலாக வழங்குவதால் வந்த பிழை அது, அவர்மேல் குற்றமில்லை. தசமபாகம் என்பது பங்குக் குருவுக்குப் பிறர் செலுத்த வேண்டிய பத்தில் ஒன்று. காக்ஸ்வெல்லில் குவிந்ததோ பியூலி மடத்துச் சிஸ்டர்சியத் துறவிகளின் சொந்த நிலத்தில் விளைந்தது. பிராட்ஃபோர்டு-ஆன்-ஏவன் ஊரில் உள்ள பதினான்காம் நூற்றாண்டுக் கட்டடத்தின் கதையும் இதுவே. அது ஷாஃப்ட்ஸ்பரி கன்னியர் மடத்தின் பண்ணையைச் சேர்ந்தது. இவற்றை ‘மடத்துக் களக்கூடம்’ என்று அழைத்து, பங்குக் குருவின் பங்கு உண்மையாகவே சேர்ந்த இடத்துக்கு மட்டும் ‘தசமபாகக் களக்கூடம்’ என்ற பெயரை ஒதுக்கலாம். கோயில் நெற்களஞ்சியத்துக்கு வழங்கும் ‘கொட்டாரம்’ என்ற சொல்லையும் எண்ணிப் பார்த்தேன். நாஞ்சில் நாட்டில் அது அரண்மனை ஆகிவிடும். மேலும் கொட்டாரத்துக்குள் கதிரடிப்பதில்லை.

எல்லாப் பார்னும் களக்கூடம் ஆகுமா என்றால், ஆகாது. வட இங்கிலாந்தின் யார்க்ஷயர் டேல்ஸ் பள்ளத்தாக்குகளில், குறிப்பாக ஸ்வேல்டேலில் மியூக்கர், கன்னர்சைடு ஊர்களைச் சுற்றி, புல்வெளிக்கு ஒன்றாகச் சிறிய கல் கட்டடங்கள் நிற்கின்றன. அங்கே கதிரும் இல்லை, களமும் இல்லை. அந்தந்த வெளியில் அறுத்து உலர்த்திய புல்லைச் சுவரின் உயரத்தில் உள்ள சிறு சதுரத் திறப்பின் வழியாகக் கவைக்கோலால் உள்ளே எறிந்து சேர்ப்பார்கள். குளிர்காலத்தில் மாடுகள் அதே கூரையின்கீழ் நின்று அதைத் தின்னும். சாணம் அதே புல்வெளிக்கு எருவாகும். தீனியையும் எருவையும் மலைப்பாதையில் சுமக்கும் வேலை மிச்சம். இதற்கு ‘வயற்கொட்டில்’ போதும். மாடு கட்டும் இடம் என்ற பொருள் கொட்டிலில் ஏற்கெனவே இருக்கிறது. புல்வெளியை வயல் எனலாமா என்று தயங்கினேன். ‘புற்கொட்டில்’ என்றால் புல்லால் வேய்ந்த கொட்டில் என்று ஆகிவிடும் என்பதால் வயலே இருக்கட்டும். உள்ளே இருப்பதை வைக்கோல் என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். வைக்கோல் அடித்த தாள், இது உலர்புல்.

வடமேற்கு இங்கிலாந்தின் ஏரி மாவட்டத்தில் வழங்கும் ‘பேங்க் பார்ன்’ பற்றி ஒரு வரி. கணினி மொழிபெயர்ப்பு அதை ‘வங்கிக் களஞ்சியம்’ என்றும், அதைத் திருத்தியவர் ‘கரைக் களஞ்சியம்’ என்றும் எழுதியிருந்தார்கள். வங்கியும் இல்லை, ஆறும் இல்லை; இங்கே ‘பேங்க்’ என்பது சரிவு. மலைச்சரிவில் கட்டுவதால் மேல்தளத்துக்குப் பின்புறச் சரிவிலிருந்து வண்டி நேரே நுழையும். கீழ்த்தளத்தில் மாடுகள் முன்புறமாக நுழையும். மேலே களம், கீழே தொழுவம். ‘சரிவுக் களக்கூடம்’ என்றால் கட்டடமே கண்முன் நிற்கும்.

வீடு, முற்றம், களக்கூடம், கொட்டில் எல்லாம் சேர்ந்த ‘ஃபார்ம்ஸ்டெட்’ என்பதற்குப் பண்ணை என்று மட்டும் எழுதினால் நிலமும் உள்ளே வந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தார் வீட்டையும் சுற்றடைப்பையும் சேர்த்து ‘வளவு’ என்பார்கள். ‘பண்ணை வளவு’ என எழுதலாம்.

இரண்டு சொற்களுக்கு உங்கள் உதவி வேண்டும். ஆண்ட்ரூ மீக்கிள் 1780-களில் ஸ்காட்லாந்தில் கதிரடிக்கும் பொறியை உருவாக்கிய பின், அதை இயக்கக் குதிரைகள் வட்டமாகச் சுற்றும் ஒரு தனி மனையைக் களக்கூடத்தின் பக்கத்தில் ஒட்டிக் கட்டினார்கள். ‘குதிரைச்செக்கு மனை’ என்று குறித்து வைத்திருக்கிறேன். எண்ணெய் ஆட்டாத ஒன்றைச் செக்கு எனலாமா என்று சொல்லுங்கள். மற்றொன்று, டேல்ஸ் சுவர்களின் இரு முகங்களையும் பிணைத்து, வெளியே வரிசையாகச் சற்றே நீட்டிக்கொண்டிருக்கும் நீளக்கல். ‘பிணைகல்’ என்று தற்காலிகமாக எழுதியிருக்கிறேன். கருங்கல் கட்டுமானத்தில் பழகிய கொத்தனார்களிடம் இதற்கு வழக்குச்சொல் கட்டாயம் இருக்கும். அவர்களோடு பேசும் வாய்ப்புள்ளவர்கள் கேட்டு எழுதினால் என் சொல்லை மகிழ்ச்சியோடு திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.