வீட்டில் எத்தனை புத்தகம் என்று எண்ணுவதுதான் ஆராய்ச்சியா?

தாழ்வாரம்:
முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப் போகிறேன். குழந்தை வளர்ச்சி, குடும்ப எழுத்தறிவு, கல்விச் சமத்துவம் மூன்றும் சேரும் இடத்தில் வேலை செய்ய ஆசை. ஆனால் படிக்கிற கட்டுரைகளில் பாதி, ஏழை வீட்டில் பேச்சு குறைவு, புத்தகம் இல்லை என்றே முடிகின்றன. காலம் முழுக்க இதையேதான் எண்ணிக்கொண்டிருக்க வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்.

உடைந்த சிலேட்டு:
இருபத்தாறு வருடமாக இதில்தான் குப்பை கொட்டுகிறேன். நானும் எண்ணித்தான் ஆரம்பித்தேன்.

முதல் வருடம், கையில் வினாத்தாளோடு ஒரு வீட்டுக்குப் போனேன். 'குழந்தைக்கான புத்தகங்கள் எத்தனை?' அந்த அம்மா சிரித்துக்கொண்டே ஒன்றுமில்லை என்றார். பூஜ்யம் போட்டேன். பேனாவை மூடுவதற்குள், ஐந்து வயதுப் பெண் ஒரு மாத்திரை அட்டையை எடுத்து வந்து, பின்பக்க எழுத்தில் விரலை வைத்து ஓட்டி, "பாட்டி, இது ராத்திரிக்கு. காலையில் போடுறது வேற" என்றாள். பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. அந்த வீட்டில் எழுத்தைப் பார்த்துக்கொள்கிற ஆள் அவள்தான். என் வினாத்தாளில் அதைக் குறிக்க ஒரு கட்டம்கூட இல்லை.

நீங்கள் படித்தவற்றில் பல, ஹார்ட், ரிஸ்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட ஆய்வில் போய் நிற்கும். அமெரிக்காவின் கான்சாஸில் 42 குடும்பங்கள், வீட்டில் குழந்தையோடு நடக்கும் பேச்சை மாதம் ஒரு மணி நேரம் பதிவு. அசுர உழைப்பு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஊரெல்லாம் பேசிய 'மூன்று கோடிச் சொல் இடைவெளி', அதாவது ஏழை வீட்டுக் குழந்தை வசதியான வீட்டுக் குழந்தையைவிடச் சின்ன வயதில் அத்தனை சொல் குறைவாகக் கேட்கிறது என்பது, அந்த ஒரு மணி நேரக் கணக்கைப் பெருக்கி வந்தது. அரசு உதவித்தொகையில் வாழ்ந்த குடும்பங்கள் அதில் வெறும் 6. பிற்பாடு ஸ்பெர்ரி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும், தாயின் பேச்சோடு நிறுத்தாமல் குழந்தையைச் சுற்றி மற்றவர்கள் பேசியதையும் சேர்த்து எண்ணினார்கள். ஒரே வருமானப் பிரிவுக்குள்ளேயே வீட்டுக்கு வீடு பெரிய வித்தியாசம் இருந்தது.

யாருடைய பேச்சைக் கணக்கில் எடுப்பது என்பதிலேயே பாதி முடிவு ஒளிந்திருக்கிறது. என் முனைவர் பட்டக் காலம் பெரும்பாலும் அந்தச் சண்டையில்தான் போனது. வழிகாட்டியோடுதான், வேறு யாரோடு!

கூட்டிக்கழி:
சிலேட்டு சொல்வது சரி. ஆனாலும் எண்ணுவதை இளக்காரம் செய்ய வேண்டாம். மாத்திரை அட்டைக் கதையைக் கேட்டு யாரும் நிதி ஒதுக்க மாட்டார்கள். எண்ணிக்கை இருந்தால்தான் கோப்பு நகரும்.

உடைந்த சிலேட்டு:
ஒப்புக்கொள்கிறேன், நானும் எண்ணுகிறேன். முதலில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் எதை எண்ணுவது என்று முடிவு செய்கிறேன், அவ்வளவுதான். கல்வி ஆய்வாளர் லூயிஸ் மோலின் குழு 1992இல் எழுதியதைப் படியுங்கள், தாழ்வாரம். அரிசோனாவின் டூசான் நகரில் ஆசிரியர்களே மாணவர்களின் வீடுகளுக்குப் போய், அந்தக் குடும்பங்களுக்கு என்னென்ன தெரியும் என்று கற்றுக்கொண்டு வந்தார்கள்.

தாழ்வாரம்:
நன்றி. அந்தப் பூஜ்யத்தை என்ன செய்தீர்கள்?

உடைந்த சிலேட்டு:
தரவில் அப்படியேதான் இருக்கிறது. கேட்ட கேள்விக்கு அதுதானே பதில்? மறுவருடம் கேள்வியை மாற்றினேன்: 'இந்த வாரம் வீட்டில் யார் யாருக்கு எதைப் படித்துக் காட்டினார்கள்?' எழுத, கொடுத்திருந்த இடம் போதவில்லை.