இழை: ‘ஸ்மார்ட் ஸ்பெஷலைசேஷன்’ தமிழில்?

அன்புள்ள குழுவினருக்கு,
வெள்ளிக்கிழமைக்குள் ஒரு மொழிபெயர்ப்பைக் கொடுத்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் வட்டாரக் கொள்கை பற்றியது. ஒரு வட்டாரம் எல்லாத் துறையிலும் காசை இறைக்காமல், தனக்கு வலுவும் புத்தாக்க வாய்ப்பும் உள்ள சிலவற்றைக் கண்டறிந்து அவற்றில் முதலிடுவதைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். 2014–2020 நிதிச் சுற்றில், புத்தாக்கத்துக்கான வட்டார வளர்ச்சி நிதியைப் பெற இப்படியொரு உத்தி கையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ‘திறன்சிறப்பாக்கம்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

---

திறன்பேசியின் ‘திறன்’ இங்கே ஒட்டாது. அது கருவியின் கெட்டிக்காரத்தனம். இது தேர்ந்தெடுப்பவரின் கெட்டிக்காரத்தனம். ‘துறைத்தேர்வு’ போதுமே.

---

ஐயா, துறைத்தேர்வு என்றால் அரசு ஊழியர்கள் எழுதுவது! இரண்டு தாளில் நானே தவறியிருக்கிறேன்.

---

புதுச்சொல் எதற்கு? தொல்காப்பியர் ‘தெய்வம் உணாவே மாமரம் புட்பறை செய்தி’ என்று கருப்பொருளை அடுக்குகிறார். அங்கே ‘செய்தி’ என்றால் தொழில். நிலத்துக்கு நிலம் தொழில் வேறு என்பதுதானே உங்கள் கொள்கையும்? ‘திணைத்தொழில்’ என்க. இரு துறைகள் கலந்து புதியது பிறந்தால் ‘திணைமயக்கம்’; அதுவும் தயாராக இருக்கிறது.

---

‘செய்தி’யைத் தொழில் என்று இன்று யார் படிப்பார்கள்? அதைவிட, திணை என்றால் இருப்பதைச் சொல்வது. ஒரு வட்டாரத்தில் வேலை செய்வோரில் 100க்கு 6 பேர் மட்பாண்டத் தொழிலிலும், நாடு முழுக்க 100க்கு 2 பேரும் இருந்தால் அங்கே செறிவு 3 மடங்கு. இது இன்றைய வலு மட்டும்தான். நாளை எது முளைக்கும் என்பதை அரசு தனியாக உட்கார்ந்து பட்டியல் போட முடியாது. தொழில்முனைவோரும் பல்கலைக்கழகங்களும் கூடித் துழாவித்தான் கண்டுகொள்ள வேண்டும். ஆகவே ‘தேர்துறை’. வினைத்தொகை. தேர்ந்த, தேர்கின்ற, தேரும் துறை. மூன்று காலமும் அடக்கம்.

---

அழகுதான். ஆனால் கோயில் தேருக்கு ஒரு துறை என்று நினைத்துக்கொள்வார்கள்.

---

மெய்ப்புத் திருத்துபவர் ‘தேர்த்துறை’ என்று ஒற்று போட்டே அனுப்பிவிட்டார். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்று இரண்டு முறை சொன்னேன், அப்புறம் விட்டுவிட்டேன். ஐந்து பேர் ‘சிறப்புத்துறைத் தெரிவு’க்குக் கைதூக்கியிருக்கிறீர்கள், அதையே போட்டு அனுப்புகிறேன். அனைவருக்கும் நன்றி.

---

ஐவரில் நான் இல்லை என்பதைப் பதிவு செய்க. தெரிவு முடிந்துபோன காரியம், திணை முடியாது. ‘மயக்கம்’ பற்றித் தனி இழை தொடங்குகிறேன்.