ராட்சத மிருகப் படங்கள்: உங்களை உறைய வைத்த நொடி எது?

ஈசூன்வாசி:
நானே தொடங்கி வைக்கிறேன். 2014இல் வந்த காட்ஸில்லா. சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் ரோட்டில், ஐமேக்ஸ் திரையில், இரவுக் காட்சி. ராணுவ வீரர்கள் காலில் சிவப்புப் புகை கட்டிக்கொண்டு விமானத்திலிருந்து குதிப்பார்களே, அந்த இடம். ஒரு வீரனின் முகக்கவசக் கண்ணாடிக்குள்ளிருந்து நாமும் பார்க்கிறோம். அவன் மூச்சு விடும் சத்தம் காதுக்குள் கேட்கிறது. புகைக்கு நடுவே சுவர் மாதிரி ஏதோ கடந்து போகிறது. அது சுவரில்லை, உடம்பு. எனக்குக் கை சில்லிட்டுவிட்டது.

கடைசி ரயிலைப் பிடித்து வீடு வந்து, எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். எங்களுடையது 12 மாடி. மாடிக்கு 3 மீட்டர் என்று வைத்தால் 36. அந்தப் படத்து காட்ஸில்லா ஏறக்குறைய 108 மீட்டர். எங்கள் புளோக்கை மூன்று முறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். சில வீடுகளில் இன்னும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு வீட்டில் யாரோ மூங்கிலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

பேய்ப் படத்தில் பேய் நம்மைத் தேடி வருகிறது. நம்மேல் அதற்கு ஏதோ வஞ்சம், அதாவது நாம் அதற்கு முக்கியம். இது அப்படியில்லை. அது தன் வழியில் போகிறது, அந்த வழியில் நம் வீடு இருக்கிறது, அவ்வளவுதான். பயத்தைவிடப் பெரிய ஏதோ ஒன்று மனத்தில் உட்கார்ந்துகொண்டது.

சின்ன வயதில் காஞ்சிபுரத்தில் உலகளந்த பெருமாளைப் பார்த்தபோதும் இதேதான். சிலை 30 அடிக்கு மேல், கருவறை இருட்டு. நீண்ட கழியில் விளக்கைத் தூக்கிப் பிடித்து முகத்தைக் காட்டினார் அர்ச்சகர். ஒரே பார்வையில் முழுவதும் கண்ணில் அடங்காத உருவம். நல்ல இயக்குநர்களும் அதையே செய்கிறார்கள். கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் உடம்பு, மிச்சம் இருட்டு.

இரவுவேலை:
நான் பாசிர் பாஞ்சாங் துறைமுகத்தில் லாஷிங் வேலை, அதாவது கப்பலில் கொள்கலன்களை அசையாமல் கட்டுவது. 9 வருடமாகிறது. 400 மீட்டர் நீளக் கப்பல் நள்ளிரவில் கரை அணைவதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறீர்களா? அசைவதே தெரியாது. எதிரே தெரிகிற விளக்குகள் ஒவ்வொன்றாக மறையும். அப்போதுதான் அது வந்துகொண்டிருக்கிறது என்று உறைக்கும்.

பெரியது மெதுவாகத்தான் அசையும். 1954இல் ஜப்பானில் வந்த முதல் காட்ஸில்லாவை எடுத்தவர்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. கனமான ரப்பர் உடைக்குள் ஹாருவோ நகாஜிமா நடந்தார். தந்திரக் காட்சிகளைக் கவனித்த எய்ஜி சுபுராயா கேமராவை வேகமாக ஓடவிட்டுப் பிடித்தார். அதைச் சாதாரண வேகத்தில் திரையில் ஓட்டும்போது அசைவு நிதானமாகி, ஒவ்வொரு அடிக்கும் கனம் வந்துவிடுகிறது. இப்போது வரும் சில படங்களில் மிருகங்கள் மல்யுத்த வீரர்கள் போலத் துள்ளுகின்றன. அங்கே எனக்கு எல்லாம் போய்விடுகிறது.

பாட்டியின் பேத்தி:
அந்த 1954 படத்தை நான் பாட்டியோடு பார்த்தேன். அவருக்கு 88 வயது. படம் வந்த 1954ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் தேதி பசிபிக் கடலில் உள்ள பிக்கினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டைச் சோதித்தது. அதன் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகில் இருந்த 23 பேர்மீது விழுந்தது. அதே ஆண்டு நவம்பரில் படம் வந்தது. இயக்குநர் இஷிரோ ஹோண்டா போர் முடிந்து ஊர் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கண்ணால் பார்த்தவர். இதையெல்லாம் பாட்டியிடம் நான் சொல்லவில்லை. பொழுது போகட்டும் என்றுதான் போட்டேன்.

நகரம் எரியும்போது ஓர் அம்மா பிள்ளைகளை அணைத்துக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்திருப்பார். சீக்கிரம் அப்பாவிடம் போய்விடுவோம் என்று அவர்களிடம் சொல்வார். அந்த இடத்தில் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜப்பானியர் சிங்கப்பூரில் குண்டு போட்டபோது அவருக்கு 6 வயது. சிராங்கூன் ரோட்டு வீட்டில் மேசைக்கு அடியில் அவருடைய அம்மா அவரை இப்படித்தான் இறுக்கிப் பிடித்திருந்தாராம்.

"மேல பறக்குறவனுக்கு நாம எறும்பாக்கூடத் தெரியமாட்டோம். அவன் பாட்டுக்குப் போட்டுட்டுப் போயிட்டான்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இது ஜப்பான்காரன் எடுத்த படமா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அவங்க ஊர்லயும் இப்படித்தான் உக்காந்திருந்தாங்களா," என்றார். அப்புறம் படம் முடியும்வரை பேசவே இல்லை.

ஈசூன்வாசி:
இதை இரண்டு முறை படித்தேன். நீங்கள் பார்த்தது ஜப்பானிய மூலம்தானே? 1956இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது நிறைய வெட்டிவிட்டு, ஓர் அமெரிக்க நிருபர் பாத்திரத்தைப் புதிதாக நுழைத்திருந்தார்கள். நான் பார்த்தது அதைத்தான். மூலத்தை இந்த வாரம் அப்பாவோடு உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.