ரத்தத்தில் எண்ணெய் ஏற்றலாமா? அப்புச்சிக்குப் போடும் வெள்ளைப் பை

காங்கேயம் மில்லுக்காரன்:
அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) வயது 71. குடல் அழுகி, கோவையில் ஆபரேஷன் முடிந்து 9 நாள் ஆகிறது, வாய்வழியாக ஒன்றும் கூடாது என்று கழுத்து நரம்பில் குழாய் வைத்து அதில்தான் சாப்பாடே. நேற்றிலிருந்து கூடவே வெள்ளையாக ஒரு பை தொங்குகிறது. அம்மிச்சி "பால் ஏற்றுகிறார்கள்" என்று ஊரெல்லாம் போன் பண்ணிச் சொல்லிவிட்டார். பையில் படித்தால் சோயா எண்ணெய்! நான் 18 வருஷம் எண்ணெய் மில்லில் இருப்பவன், எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று எனக்குத் தெரியாதா? எங்காவது போய் அடைத்துக்கொள்ளாதா? டாக்டரிடம் கேட்டால் "ஒன்றும் ஆகாது", அவ்வளவுதான்.

ஈரோட்டு நர்ஸ்:
ஏனுங்க, ஒட்டாததை ஒட்டவைக்கத்தான் முட்டை மஞ்சள்கருவின் லெசித்தின் சேர்க்கிறார்கள். பாலில் வெண்ணெய் கண்ணுக்குத் தெரிகிறதா? அப்படித்தான். துளி சராசரியாக அரை மைக்ரானுக்கும் கீழே, ரத்தச் சிவப்பணுவே 7 மைக்ரான் இருக்கும். 5 மைக்ரானைத் தாண்டிய துளிகள்தான் வில்லங்கம், நுரையீரலில் போய் அடைப்பது அவைதான், அதனால்தான் 1.2 மைக்ரான் ஃபில்டர் போடச் சொல்வது. மேலே வெள்ளையாக ஏடு கட்டினால் மெதுவாகப் புரட்டினால் கலந்துவிடும். மஞ்சளாக எண்ணெய் பிரிந்து மிதந்தால் அந்தப் பை ஆகாது, உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், மில்லுக்காரர் கண்ணுக்குத் தப்பாது. முட்டையோ சோயாவோ அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்றால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மருந்தை ஏற்றும் பம்பை மட்டும் தொட வேண்டாம்.

பொள்ளாச்சி 642:
அடைப்பை விட அளவைக் கவனியுங்கள். எங்கம்மாவுக்கு ஏற்றியபோது ஒரு நாள் டெஸ்டுக்கு எடுத்த ரத்தம் டியூபில் மேலே பால் மாதிரி நின்றது. பார்த்தால் ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு 600க்கு மேல். வென்டிலேட்டரில் தூங்கவைக்க ஓடிய ப்ரொபோஃபாலும் அதே மாதிரி கொழுப்பில்தான் கரைந்து வருகிறது, அந்தக் கொழுப்பை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. 400 தாண்டினாலே குறைக்கவோ நிறுத்தவோ வேண்டுமாம். அப்புறம் 2 நாள் நிறுத்தினார்கள், இறங்கியது.

காங்கேயம் மில்லுக்காரன்:
அப்படியானால் இதை வேண்டாம் என்று சொல்லிவிடலாமா?

ஈரோட்டு நர்ஸ்:
சொல்லாதீர்கள். பையில் எண்ணெய் 20 சதவீதம் என்றால் 250 மில்லியில் 500 கலோரி, அத்தனையையும் குளுக்கோஸில் கொடுத்தால் சர்க்கரை ஏறும். கொழுப்பே இல்லாமல் சில வாரம் போனால் தோல் செதில் செதிலாக உரியும், புண் ஆறாது. மாசக்கணக்கில் சோயா மட்டும் ஏற்றினால் ஈரல் கெடலாம், அப்போது மீன் எண்ணெய், ஆலிவ் கலந்ததற்கு மாற்றுவார்கள். இப்போதைக்கு ட்ரைகிளிசரைடு பார்த்தார்களா என்று மட்டும் கேளுங்கள்.

காங்கேயம் மில்லுக்காரன்:
கேட்டேனுங்க, 212. ஃபில்டரும் இருக்கிறது. பால் இல்லை, எண்ணெய் என்று அம்மிச்சியிடம் சொன்னேன். செக்கில் ஆட்டினதா என்று கேட்கிறார்.