குருதிக்குழல் கிளைப்புத் தடுப்பி: என் பரிந்துரை

அன்பர்களுக்கு வணக்கம்.

கட்டுரைக்கு ஒரு தமிழ்க் கலைச்சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். புற்றுக்கட்டிக்குப் புது இரத்தக் குழாய்கள் போய்ச் சேராமல் தடுக்கும் தாவரச் சேர்மங்களுக்கு இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன.

> இரத்தநாள வளர்ச்சித் தடுப்பான்
> நாளவாக்க ஒடுக்கி
> மூலிகைக் குருதித்தடை மருந்து

மூன்றாவதை முதலிலேயே விட்டுவிடலாம். குருதித்தடை என்றால் காயத்தில் ரத்தம் நிற்க வைக்கும் மருந்து என்றுதான் யாரும் நினைப்பார்கள். மற்ற இரண்டிலும் முக்கியமான ஒன்று விடுபடுகிறது. இந்தச் சேர்மங்கள் தடுக்கும் நிகழ்வான ஆஞ்சியோஜெனிசிஸ் என்பது இருக்கிற குழாய் பெரிதாவது அல்ல, ஒன்றுமில்லாத இடத்தில் குழாய் உண்டாவதும் அல்ல. இருக்கிற குழாயிலிருந்து புதியது கிளைப்பது. கருவில் முன்னோடிச் செல்கள் கூடி முதல் குழாய்களை அமைப்பதற்கு வாஸ்குலோஜெனிசிஸ் என்று வேறு பெயர் இருக்கிறது. 'ஆக்கம்' என்ற சொல்லை அதற்கென விட்டுவைப்போம்.

கோழிமுட்டைச் சோதனையைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். கருவுற்ற முட்டையின் ஓட்டில் சின்னதாக ஒரு திறப்பு வெட்டுவார்கள். உள்ளே மெல்லிய சவ்வு, அதில் சிவப்பு இழைகள் பிரிந்து பிரிந்து ஓடும். சேர்மம் தோய்த்த சிறு வட்டை அதன்மேல் வைத்துவிட்டு ஓரிரு நாளில் திறந்து பார்ப்பார்கள். சேர்மம் வேலை செய்திருந்தால் வட்டைச் சுற்றி இழைகளே இல்லாமல் வெளிறிக் கிடக்கும். சற்றுத் தள்ளி இருக்கும் இழைகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இந்தப் பக்கம் வர வேண்டிய கிளைகள்தான் வந்திருக்காது.

1971-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் சொன்னதும் இந்தக் கிளைகளைப் பற்றித்தான். ஒன்றிரண்டு மில்லிமீட்டரைத் தாண்டிப் பெருக வேண்டுமானால் கட்டிக்குப் புது இரத்தக் குழாய்கள் வேண்டும், அவை வராமல் செய்தால் கட்டியை நிறுத்தி வைக்கலாம் என்றார். அதனால்தான் 'கிளைப்பு' என்ற சொல்லில் பிடிவாதமாக இருக்கிறேன்.

அடுத்து 'நாளம்'. தமிழ்நாட்டில் இரத்தநாளம் என்றால் எந்த இரத்தக் குழாயும்தான். இலங்கைப் பாடநூல்களில் தமனிக்கு நாடி, சிரைக்கு நாளம். நாளக்கிளைப்பு என்று எழுதினால் யாழ்ப்பாணத்து மாணவருக்குச் சிரை மட்டுமே கிளைப்பதாகப் படும். போதாததற்கு நாளமில்லாச் சுரப்பி என்பதில் நாளம் என்றால் சுரப்பைக் கொண்டுபோகும் குழாய், அது இரத்தக் குழாயே அல்ல. இலங்கையில் வழங்கும் 'குருதிக்கலன்' நல்ல சொல், ஆனால் தமிழ்நாட்டில் கலன் என்றால் பாத்திரம். 'குருதிக்குழல்' என்றால் இரு பக்கமும் குழப்பமில்லை. சேர்த்தெழுதினால் குருதிக்குழற்கிளைப்பு என்று புணரும். வாசிப்பவர் சிரமப்படுவார், பிரித்தே எழுதலாம்.

'ஒடுக்கி' வேண்டாம், வேதியியலில் ஒடுக்கம் என்பது ஆக்சிஜனேற்றத்துக்கு எதிரான வினை. தடுப்பி போதும்.

சரி, காம்பிரெட்டாஸ்டாட்டினை எங்கே வைப்பது என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. 1980-களில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பெட்டிட்டின் குழு, காம்பிரெட்டம் காஃப்ரம் என்ற தென்னாப்பிரிக்க மரத்திலிருந்து பிரித்தெடுத்த சேர்மம் அது. நம் கடுக்காய், தான்றி, மருது எல்லாம் அந்த மரத்தின் குடும்பம்தான். ஆனால் காம்பிரெட்டாஸ்டாட்டினின் முதன்மையான வேலை கிளைப்பைத் தடுப்பது அல்ல. கட்டிக்குள் ஏற்கெனவே ஓடும் குழல்களின் உட்சுவர்ச் செல்களைக் குலைத்து, சில மணி நேரத்திலேயே இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். கட்டியின் நடுப்பகுதி செத்துப்போகும். ஆனால் பக்கத்துத் திசுவிலிருந்து இரத்தம் பெறும் விளிம்பு பிழைத்துக்கொண்டு மறுபடி வளரும். இந்த வகைக்கு 'குருதிக்குழல் சிதைப்பி' என்று தனிப்பெயர் வேண்டும். இரு வகைகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த மருத்துவச் சோதனைகளும் உண்டு. ஒரே பெயர் வைத்தால் அந்தச் சோதனைகளைத் தமிழில் எழுதவே முடியாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். 'மூலிகை மருந்து' என்ற ஒட்டு எந்த வடிவிலும் வேண்டாம். சோயாவின் ஜெனிஸ்டீன், பச்சைத் தேயிலையின் இ.ஜி.சி.ஜி., மஞ்சளின் குர்குமின் ஆகியவை ஆய்வகத்தில் கிளைப்பைத் தடுத்துக் காட்டியிருக்கின்றன. அதை வைத்து இவற்றில் எதுவும் புற்றுநோய்க்கான மருந்தாக ஒப்புதல் பெற்றுவிடவில்லை. குர்குமினைக் குடல் சரியாக உறிஞ்சுவதே இல்லை, உள்ளே போகும் கொஞ்சத்தையும் உடல் சீக்கிரம் மாற்றி வெளியேற்றிவிடும். 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற பெவாசிசுமாப் என்ற புற்றுநோய் மருந்து கிளைப்புத் தடுப்பிதான், ஆனால் அது ஓர் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி), செடியிலிருந்து வந்ததல்ல. நோயாளியின் வீட்டார் இணையத்தில் தேடும்போது நம் சொல்தான் கண்ணில் படும். அதை நம்பி அவர்கள் சிகிச்சையை விட்டுவிட்டு மஞ்சள் மாத்திரைக்குப் போய்விடக் கூடாது. 'தாவரவழிச் சேர்மம்' என்றே எழுதுவோம்.

ஆக, கட்டுரையில் முதல்முறை வரும்போது 'தாவரவழிக் குருதிக்குழல் கிளைப்புத் தடுப்பிகள்' என்று முழுதாக எழுதி, அப்புறம் 'கிளைப்புத் தடுப்பி' என்று சுருக்கிக்கொள்ளலாம். இலங்கை அன்பர்கள் 'குழல்' சரிப்படுமா என்று சொன்னால் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.