கோரல்டிரா திறந்ததும் தமிழ் கீபோர்டும் பேக்கப்பும் தானா ஓடணும், வழி இருக்கா?

பழைய வண்ணாரப்பேட்டை கடைக்காரர்:
வணக்கம். தங்கசாலை பக்கம் கல்யாணப் பத்திரிகை டிசைன் பண்ற சின்னக் கடை என்னோடது. ஒரே கம்ப்யூட்டர், விண்டோஸ் 10 ஹோம். வேலை செய்ற பொண்ணு கோரல்டிரா டிசைன் சாஃப்ட்வேரைத் திறந்ததும் தமிழ் கீபோர்டு சாஃப்ட்வேர் ஓடணும். 'வேலை' ஃபோல்டர் வெளி ஹார்டு டிஸ்குக்குக் காப்பி ஆகணும்.

போன ஆவணில ஹார்டு டிஸ்க் போயிடுச்சு. காசிமேட்டுக்காரர் ஒருத்தர் ப்ரூஃப் பாத்து சரின்னு சொன்ன ஃபைல் அதோட போச்சு. சொந்தக்காரங்க பேரே நாப்பது, அதுல மூணு 'காலஞ்சென்ற'. அவரை எதிர்ல உக்கார வச்சு ஒவ்வொரு பேரா கேட்டு மறுபடி அடிச்சேன். அவரு ஒரு வார்த்தை கோபமா பேசல. இன்னும் மனசு கேக்கல.

எல்லாத்தையும் சேத்துத் திறக்கிற பேட்ச் ஃபைல் எழுதி டெஸ்க்டாப்ல வச்சேன். ஆனா பொண்ணு பழைய பத்திரிகை ஃபைலையே டபுள் கிளிக் பண்ணித் திறக்குது. அப்ப பேட்ச் ஓடறதே இல்ல.

திருவொற்றியூர் நண்பர்:
அண்ணா, எப்படித் திறந்தாலும் பிடிக்க வழி இருக்கு. புரோகிராம் எது ஆரம்பிச்சாலும் விண்டோஸ் எழுதி வைக்கிற செக்யூரிட்டி லாக்ல 4688ன்னு நம்பர் போட்ட ஒரு ஈவென்ட், அதாவது ஒரு பதிவு, விழும். ஆனா அதை நாமதான் ஆன் பண்ணணும். ஹோம்ல லோக்கல் பாலிசி ஜன்னல் கிடையாது. அட்மினா கமாண்ட் பிராம்ப்ட் திறந்து, எதையெல்லாம் லாக்ல பதியணும்னு சொல்ற ஆடிட்பால் (auditpol) கமாண்டுல 'பிராசஸ் கிரியேஷன்' சக்சஸை எனேபிள் பண்ணுங்க.

அப்புறம் விண்டோஸோட டாஸ்க் ஷெட்யூலர்ல, அந்த ஈவென்ட் விழுந்ததும் கீபோர்டையும் காப்பியையும் தானா ஓட்டற மாதிரி ஒரு டாஸ்க் போடுங்க. டிரிகர் 'ஆன் அன் ஈவென்ட்', அதுல கஸ்டம். எக்ஸ்எம்எல் பக்கத்துல 4688ஓட கோரல்டிராவோட முழுப் பாதையும் கொடுங்க. அரைகுறையாப் பேர் கொடுத்தா எடுக்காது, எழுத்துக்கு எழுத்து சரியா இருக்கணும். வெர்ஷன் மாத்தினா பாதையும் மாறும், அன்னிக்கே இதையும் திருத்திடுங்க.

காப்பிக்கு விண்டோஸ்லயே இருக்கிற ரோபோகாப்பி கமாண்ட் போதும், மாறின ஃபைலை மட்டும்தான் எடுக்கும். அதுல 'மிர்' (/MIR) மட்டும் போடாதீங்கண்ணா. இங்க ஒரு ஃபைல் அழிஞ்சா அங்கயும் அழிச்சிடும். 'ஸ்லாஷ் இ' (/E) போடுங்க, உள்ள இருக்கிற ஃபோல்டரும் சேர்ந்து வரும்.

பழைய வண்ணாரப்பேட்டை கடைக்காரர்:
தம்பி, காப்பி ஆகுது! ஆனா கீபோர்டு ஐகான் கீழ வரல. டாஸ்க் மேனேஜர்ல பாத்தா ஓடிட்டுதான் இருக்கு, தமிழ் மட்டும் விழல.

ராயபுரம்:
டாஸ்க்ல 'லாகான் ஆனாலும் ஆகாட்டியும் ஓடு'ன்னு வச்சிருப்பீங்க. அப்படி வச்சா புரோகிராம் கண்ணுக்குத் தெரியாத வேற செஷன்ல ஓடும், உங்க ஸ்கிரீனுக்கே வராது. 'யூசர் லாகான் ஆகியிருந்தா மட்டும்' மாத்துங்க. லேப்டாப்ல வைக்கிறவங்க 'ஏசி பவர்ல மட்டும்' டிக்கையும் எடுத்துடுங்க.

பழைய வண்ணாரப்பேட்டை கடைக்காரர்:
மாத்திட்டேன். இன்னிக்குக் காலைல பொண்ணு ஒரு வளைகாப்பு ஃபைலை டபுள் கிளிக் பண்ணுச்சு. ஐகான் வந்துச்சு, வெளி டிஸ்க் லைட் மினுக் மினுக்னு அடிச்சுது. நான் எதையும் தொடல. ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி தம்பிங்களா.