60-க்கு மேல் போனால் ‘ஊம்ம்’ என்று சத்தம்: வீல் பேரிங்கா?

வண்டி 2016 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், மேனுவல் கியர், 78,000 கிலோமீட்டர் ஓடியது. ஊர் மதுரை. போன மழையில் சக்கரம் பாதி முங்கும் தண்ணீரில் போக வேண்டி வந்தது. கொஞ்ச நாளில் சத்தம் ஆரம்பித்தது.

60-ஐத் தாண்டியதும் இடது முன்பக்கம் ‘ஊம்ம்’ என்று ஒரே சீராக வருகிறது. வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. 80-ல் காலடித் தரை அதிர்கிறது, ஸ்டீயரிங் ஆடவில்லை. நியூட்ரலில் உருளவிட்டாலும் சத்தம் குறையவில்லை, ஆக இன்ஜின் இல்லை. முக்கியமாக, வலப்பக்கம் வளையும்போது பெரிதாகிறது, இடப்பக்கம் வளைந்தால் அடங்குகிறது.

பேலன்சிங், அலைன்மென்ட் செய்தாயிற்று. டயர்களை முன்பின் மாற்றிப் போட்டும் சத்தம் இடம் மாறவில்லை. அப்புறம் மெக்கானிக் அண்ணன் ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். துளியும் ஆட்டம் இல்லை, பேரிங் (சக்கரம் தடையில்லாமல் சுழல உதவும் பாகம்) நன்றாக இருக்கிறது என்கிறார். ஆனால் அவர் சக்கரத்தைச் சுற்றும்போது சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கில் விரல் வைத்துப் பார்த்தேன். மணல் அரைபடுவது போல நறநறவென்று தெரிந்தது. வலது பக்கம் அப்படி இல்லை.

அம்மாவை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகும் வண்டி, நடுவழியில் நின்றுவிடக் கூடாது.

ஆட்டமே இல்லாமல் வீல் பேரிங் போயிருக்க வாய்ப்பு உண்டா?